ருத்ரேஷ் மகந்தப்பாவின் ஆல்பங்கள்: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

தென்கரை எழுதியது:

ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞரும் பல குழுக்களை நடத்திவருபவருமான ருத்ரேஷ் மகந்தப்பாவைப் பற்றி எப்போது பேச்சு எழுந்தாலும், அது ‘சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்துடன் வாசித்த அமெரிக்கர்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அவருடைய ஆல்பங்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கேட்டுவருகிறவன் என்ற முறையில், அந்த ஒரு வரியோடு அவரை நிறுத்திவிடுவது நமக்குத்தான் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். 1971-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பிறந்தார். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் வளர்ந்தார். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு நியூயார்க்கில் குடியேறினார். பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் பிரிவுக்கு இயக்குநரானார். மாணவராக இருந்தபோது அவருடைய அண்ணன் வேடிக்கையாக ஓர் இசைத்தட்டைப் பரிசளித்தார். ‘சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்’ என்பது அதன் பெயர், வாசித்தவர் கத்ரி. அந்தப் பரிசின் பயன் பல ஆண்டுகள் கழித்து, 2008-இல், ‘கின்ஸ்மென்’ என்ற ஆல்பமாக வெளிவந்தது.

இனி என் கருத்து. நம்மில் பெரும்பாலோர் ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தில்தான் தொடங்குகிறோம். அதை மூன்றாவதாகக் கேட்பதே நல்லது என்று சொல்வேன். அதில் கத்ரியும், வயலினில் ஏ. கன்யாகுமாரியும், மிருதங்கத்தில் பூவாளூர் ஸ்ரீஜியும் இருக்கிறார்கள். நம் காது உடனே அவர்களைப் பற்றிக்கொண்டு, இது என்ன ராகம், இந்தப் பிடி (ராகத்தைக் காட்டும் சுரக்கோவை) சரியா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. குழுத் தலைவர் என்ன கட்டியிருக்கிறார் என்பதைக் கவனிக்க நமக்கு இடமே இருப்பதில்லை. முதலில் ‘பேர்ட் கால்ஸ்’ (2015), அடுத்து ‘மதர் டங்’ (2004), அதன் பிறகு ‘கின்ஸ்மென்’ என்ற வரிசையில் கேட்டுப் பாருங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சீவாளி எழுதியது:

வணக்கம். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

எங்கள் வீடு நாகஸ்வர வீடு. கத்ரி அவர்களின் தந்தையும் நாகஸ்வரக் கலைஞரே என்பதால், அவரை நாங்கள் வேற்று ஆளாக நினைத்ததில்லை. 1994-இல் ‘டூயட்’ படம் வந்தபோதுதான் தமிழ்நாட்டில் பலர் அந்த வாத்தியத்தின் ஒலியை நின்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு முன்பே அவருடைய ஒலிநாடாக்கள் இருந்தன. ஆகவே ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தைக் கத்ரிக்காகத்தான் கேட்டேன். கேட்டபோது கத்ரி நிறைவளித்தார்; மகந்தப்பா நிறைவளிக்கவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். நாகஸ்வரத்தில் விரல் நேரடியாகத் துளையின் மேல் இருக்கிறது. முழுதாகத் திறக்கலாம், பாதி திறக்கலாம், மெல்ல வழித்துக்கொண்டே திறக்கலாம். உதடும் மூச்சும், வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதியான சீவாளியில் செய்யும் வேலையும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. சாக்ஸபோனில் துளைகளை மூடுவது விரல் அல்ல. சாவியை அழுத்தினால் அதன் முனையில் உள்ள தோல் மூடி துளையை மூடும் அல்லது திறக்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல விரலுக்கு வழியில்லை. கத்ரி அந்த அசைவைப் பெரும்பாலும் உதட்டுக்கும் மூச்சுக்கும் மாற்றிக்கொண்டார். ஒரு வாத்தியத்தின் குணத்தையே திருப்பிய காரியம் அது. ‘கல்யாணி’ என்று ராகத்தின் பெயரையே இட்ட உருப்படியில் அவர் காந்தாரத்தை, அதாவது ‘க’ என்ற சுரத்தை, அசைக்கும்போது கல்யாணி கண்முன் வந்து நிற்கிறது. மகந்தப்பா வரும்போது சுரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. காந்தாரம் மட்டும் நட்ட கம்பம்போல் நேராக நிற்கிறது. அசைய வேண்டிய இடத்தில் அசையாத சுரம் எனக்கு ராகம் அன்று.

இவ்வளவும் அறிந்த ஒருவர் ஏன் அப்படி வாசித்தார் என்பதே என் கேள்வி.

பாலைக்குயில் எழுதியது:

சீவாளி ஐயாவின் கேள்விக்கு என்னால் இயன்ற அளவு பதில் எழுதுகிறேன். நான் ஏழு ஆண்டுகளாக ஆல்ட்டோ சாக்ஸபோன் கற்றுவருகிறேன். பெரிய கலைஞர் அல்லேன். ஆனால் வாத்தியம் எப்படி நடந்துகொள்ளும் என்பது கைக்குத் தெரியும்.

கல்யாணியின் ஆரோகண அவரோகணச் சுரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஜாஸ் இசைக்காரர்கள் லிடியன் என்று அழைக்கும் வரிசையேதான். அவர்களுக்கு அது ஒரு சுரக்கூட்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின், அதாவது கார்டின்) மேல் பூசும் நிறம். அதில் எந்தச் சுரத்திலிருந்தும் எந்தச் சுரத்துக்கும் தாவலாம். நமக்கு அது ஓர் ஆள். அவருக்கு நடையும் உண்டு, தயக்கமும் உண்டு. சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் தொடாமல் செல்லும் பிடிகளைக் கேட்டவுடனே கல்யாணி என்று சொல்லிவிடுகிறோமே, அந்த அடையாளம் லிடியன் என்ற பெயரில் இல்லை. இந்த இரண்டையும் ஒரே உருப்படியில், ஒரே வகை வாத்தியத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தின் வேலை என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். மகந்தப்பா கத்ரியைப்போல அசைத்து வாசித்திருந்தால் நமக்கு ஒரு கத்ரியும் ஒரு குறைப்பட்ட கத்ரியும் கிடைத்திருப்பார்கள்.

இதை வேறொரு வழியிலும் பார்க்கலாம். அவர் தம் பக்கத்தில் இன்னொரு ஆல்ட்டோவை அமர்த்திக்கொள்வது இந்த ஒருமுறை மட்டும் நடந்ததன்று. 2010-இல் வந்த ‘ஏபெக்ஸ்’ ஆல்பத்தில் தம்மைவிட ஒரு தலைமுறைக்கும் மேல் மூத்தவரான பங்கி கிரீனை அழைத்து வந்தார். பியானோவில் ஜேசன் மோரன் இருக்கிறார், ட்ரம்ஸில் ஜாக் டிஜானெட்டும் டேமியன் ரீடும் பகிர்ந்து வாசிக்கிறார்கள். பங்கி கிரீன் பொதுமக்களிடம் பெரும்பெயர் பெறாதவர். ஆனால் ஆல்ட்டோ வாசிப்பவர்கள் அவரை ஆசான் என்றே கொள்வார்கள். அதே ஆண்டில் ‘டூயல் ஐடென்டிட்டி’ ஆல்பத்தில் தம்மைவிடச் சில ஆண்டுகள் இளையவரான ஸ்டீவ் லேமனோடு இணைந்தார். ஒரு குழுத் தலைவர் தம்முடைய வாத்தியத்தையே வாசிக்கும் இன்னொருவரை, அதுவும் தம்மைவிட மூத்தவரை, மேடையின் நடுவில் அமர்த்துவதற்குத் துணிவு வேண்டும். தம்முடைய குரல் எங்கே முடிகிறது, மற்றவர் குரல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கேட்பவருக்குத் தெளிவாகக் காட்ட முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அது இயலும்.

நாகஸ்வரத்தில் நீங்கள் துத்துகாரம் என்று சொல்வதை நாங்கள் நாக்கால் ரீடை (எங்கள் வாத்தியத்தின் சீவாளியை) தட்டிச் சுரங்களைப் பிரிப்பது என்கிறோம். மகந்தப்பாவின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது. மிக வேகமான வரிகளிலும் அவருடைய ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வெட்டி வைத்ததுபோல் வரும். ஒலி அடர்ந்து, ஓரம் கூர்மையாக இருக்கும். கத்ரியின் ஒலி மெல்லியது, ஓயாமல் வளைவது. ‘கணேஷா’, ‘ஸ்னேக்’ போன்ற வேகமான உருப்படிகளை இந்த ஒன்றை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

தென்கரை அவர்கள் சொன்ன ‘பேர்ட் கால்ஸ்’ பற்றியும் எழுத வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அது ஜாஸ் ஆல்ட்டோ மேதை சார்லி பார்க்கருக்குச் செலுத்திய காணிக்கை. ஆனால் பார்க்கரின் உருப்படி ஒன்றுகூட அதில் அப்படியே வாசிக்கப்படவில்லை. பார்க்கரின் மெட்டுகளிலிருந்தும் தனி வாசிப்புகளிலிருந்தும் துண்டுகளை எடுத்து, அவற்றின் தாளத்தை மாற்றி, புதிய உருப்படிகளாகக் கட்டியிருக்கிறார். ‘டோனா லீ’யிலிருந்து ‘ஆன் த டிஎல்’ வந்தது. ‘கன்ஃபர்மேஷன்’ என்பதிலிருந்து ‘ஷ்யூர் வை நாட்’ வந்தது. ‘பார்க்கர்ஸ் மூட்’ தம் மகனின் பெயர் தாங்கிய ‘தலின் இஸ் திங்கிங்’ ஆனது. ‘ஸ்டீபிள்சேஸ்’ என்ற பார்க்கரின் உருப்படியிலிருந்து பிறந்ததற்கு அவர் வைத்த பெயர் ‘கோபுரம்’. ஸ்டீபிள் என்பது தேவாலயத்தின் கூர்ங்கோபுரம் அல்லவா? அந்தப் பெயரைப் பார்த்த நாளில் நான் வெகுநேரம் மகிழ்ந்திருந்தேன்.

பார்க்கரின் ‘ஸ்டீபிள்சேஸ்’ மெட்டை ஒரு தாளிலும், ‘கோபுரம்’ மெட்டைக் காதால் கேட்டு இன்னொரு தாளிலும் எழுதி, இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து வாசித்துப் பார்த்தேன். ‘ஸ்டீபிள்சேஸ்’ அந்தக் காலத்தில் எல்லோரும் அறிந்த முப்பத்திரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட சட்டகத்தின் மேல் எழுதப்பட்டது. சுரக்கூட்டுகள் எப்போது மாறும் என்பது கேட்பவருக்கே தெரியும். ‘கோபுரத்தில்’ அந்தச் சட்டகம் இல்லை. என் கை பழக்கத்தில் பழைய இடத்தில் மூச்சு எடுக்க நின்றது. உருப்படியோ நிற்காமல் மேலே சென்றது. இரண்டு வாரம் வாசித்த பிறகுதான் மூச்சு எடுக்கும் இடமே பிடிபட்டது.

இன்னொன்று. அந்த ஆல்பத்தில் ட்ரம்பெட் வாசிப்பவர் ஆடம் ஓஃபாரில்; அப்போது அவருக்கு இருபது வயது. 1950-இல் மச்சீட்டோவின் குழு பார்க்கரைக் கொண்டு பதிவு செய்த ‘ஆஃப்ரோ கியூபன் ஜாஸ் சூட்’ என்ற படைப்பை எழுதிய சிக்கோ ஓஃபாரிலின் பேரன் அவர். பாட்டனார் எழுதியதைப் பார்க்கர் வாசித்தார். பேரன் பார்க்கரின் மெட்டுத் துண்டுகளை மகந்தப்பாவோடு சேர்ந்து வாசிக்கிறார்.

மூன்றாம்காலம் எழுதியது:

நான் மிருதங்கம் பயில்கிறேன். ஆகவே தாள வாத்தியங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜாஸ் குழுவில் மிருதங்கத்தைச் சேர்ப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், சுருதியோடு சேர்க்கப்பட்டது. இடப்பக்கத் தோலான தொப்பியின் கும்கிதான் (ஆழ்ந்த முழக்கம்) கச்சேரியில் அடிநாதமாக நிற்கிறது. ஜாஸ் குழுவில் அந்த இடத்தைப் பேஸ் வாத்தியம் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறது. அதற்கு மேல் ட்ரம்ஸின் சிம்பல்கள் உயர்ந்த ஒலிகளை எல்லாம் மூடிவிடுகின்றன. மிருதங்கம் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தில் பூவாளூர் ஸ்ரீஜி இதைப் பொறுமையாகக் கையாள்கிறார். ட்ரம்ஸ் வாசிக்கும் ராயல் ஹார்ட்டிகனும் பல இடங்களில் விலகி இடம் கொடுக்கிறார்.

‘சம்தி’ (2011) எனக்கு மிகவும் வேண்டிய ஆல்பம். அதில் மிருதங்கமும் கஞ்சிராவும் வாசிப்பவர் மிருதங்க மேதை பாலக்காடு ரகு அவர்களின் பேரனும் சீடருமான ஆனந்த் அனந்த கிருஷ்ணன். உடன் மின்கிடார், மின்பேஸ், ட்ரம்ஸ், மகந்தப்பாவின் சாக்ஸபோனோடு மடிக்கணினி வழி வரும் ஒலிகளும் உண்டு. தலைப்பு நம் இலக்கணத்தில் உள்ள சந்திதான். அதில் ‘பிரேக்ஃபாஸ்ட்லஞ்சண்ட்டின்னர்’ என்று மூன்று வேளை உணவையும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதிய உருப்படி ஒன்று இருக்கிறது. அது புணர்ச்சி விதியை நினைத்து வைத்த பெயரோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் படுகிறது. ‘மீட்டிங் ஆஃப் த ஸ்கின்ஸ்’ என்ற சிறு உருப்படியில் தோல் வாத்தியங்கள் சந்திக்கின்றன. அது இன்னும் நீண்டிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் ஏங்குகிறேன். ஏனென்றால் மற்ற இடங்களில், குறிப்பாக மின்பேஸ் முழு வலுவோடு வரும்போது, தொப்பியின் ஒலி காதுக்கு எட்டவே இல்லை. வலந்தலையின் சாப்பு என்ற அடியை மட்டும் வைத்து மீதியை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதில் வாசித்தவர் மேல் குறை இல்லை. அத்தனை வாத்தியங்களை ஒரே நேரத்தில் ஒலிக்க விட்டதன் விளைவு அது.

இதற்கு மாறாக, 2008-இல் வந்த ‘அப்தி’யில் பேஸ் வாத்தியமே இல்லை. சாக்ஸபோன், ரெஸ் அப்பாஸியின் கிடார், டேன் வைஸின் தபலா, அவ்வளவுதான். அடிநாதம் முழுவதையும் தபலாவின் இடக்கை ஏற்கிறது. ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கிறது. அதே மூவர் 2017-இல் ‘அக்ரிமா’ வெளியிட்டபோது டேன் வைஸ் தபலாவோடு ட்ரம்ஸையும் சேர்த்துக்கொண்டார். ஒலி பெருத்தது, தெளிவு ஓரளவு குறைந்தது. என்னைக் கேட்டால் தாளம் பயில்கிறவர்கள் ‘அப்தி’யில் தொடங்க வேண்டும்.

தென்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ‘கோட்புக்’ (2006) பற்றி யாரும் எழுதவில்லை. சங்கேத எழுத்து, எண் கோட்பாடு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட ஆல்பம் அது. எனக்கு அதில் கணக்கு தெரிகிற அளவுக்கு மெட்டு மனத்தில் நிற்கவில்லை. அதனால் அதைத் தாண்டி, நான் முதல் பதிவில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்த ‘மதர் டங்’ ஆல்பத்துக்கு வருகிறேன். தமிழ் பேசுகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டியது அது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

அமெரிக்காவில் வளரும் இந்திய வம்சாவளியினரை நோக்கி அடிக்கடி வீசப்படும் கேள்வி ஒன்று உண்டு: ‘நீங்கள் இந்தியன் பேசுவீர்களா?’ சிலர் ‘இந்து பேசுவீர்களா?’ என்றும் கேட்பார்கள். அப்படி ஒரு மொழியே இல்லை. மகந்தப்பா அந்தக் கேள்வியைப் பல மொழிகள் பேசும் இந்திய அமெரிக்கர்களிடம் கேட்டு, அவர்கள் தத்தம் மொழியில் சொன்ன பதில்களைப் பதிவு செய்தார். பேச்சில் குரல் ஏறுவதையும் இறங்குவதையும், விரைவதையும் நிற்பதையும் சுரங்களாக எழுதிக்கொண்டு, அவற்றைக் கருவாக வைத்து உருப்படிகளை அமைத்தார். உருப்படிகளின் பெயர்கள் அந்தந்த மொழியின் பெயர்களே: கன்னடம், குஜராத்தி, தெலுங்கு, கொங்கணி, மலையாளம், தமிழ். அந்தத் ‘தமிழ்’ உருப்படியில் பியானோ வாசிப்பவர், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர். பேஸ் வாசிப்பவர் பிரான்சுவா முத்தேன். இவர் ‘பேர்ட் கால்ஸ்’ ஆல்பத்திலும் இருக்கிறார்.

சென்ற மாதம் இதை வீட்டில் செய்து பார்த்தேன். என் தாயாரிடம் கைப்பேசியை நீட்டி, ‘இந்தியன் பேசுவீங்களா அம்மா?’ என்று கேட்டேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, “இந்தியன்னு ஒரு பாஷை ஏதுப்பா? நான் தமிழ்தானே பேசுறேன்” என்றார். அந்தப் பதிவை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு ஆர்மோனியத்தில் தேடினேன். ‘ஏதுப்பா’ என்ற இடத்தில் குரல் சட்டென்று மேலே ஏறி நிற்கிறது. ‘தமிழ்தானே’ என்பதில் ‘தா’வின் மேல் ஓர் அழுத்தம் விழுந்து, ‘பேசுறேன்’ என்பது மூன்று படிகளாக இறங்கி, கடைசி எழுத்து மூச்சில் கரைந்துவிடுகிறது. அந்தக் கடைசி எழுத்துக்கு ஆர்மோனியத்தில் கட்டையே கிடைக்கவில்லை. இரண்டு கட்டைகளுக்கு இடையில் எங்கோ இருந்தது. ஒரே வாக்கியத்துக்கு எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் சென்றது.

அதன் பிறகு ‘தமிழ்’ உருப்படியைக் கேட்டபோது அது எனக்கு வேறாகிவிட்டது. அதுவரை திக்குத் தெரியாமல் தாவுவதாகத் தோன்றிய மெட்டு, ஒருவர் பேசுவதாகக் கேட்கத் தொடங்கியது. எந்த ராகம் என்று தேடினால் அங்கே ஒன்றும் கிடைக்காது. யாரோ ஒருவர் சற்றே எரிச்சலோடு, சற்றே பொறுமையோடு பதில் சொல்வதை நால்வர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று கேட்டால் எல்லாம் பிடிபடும். மொழியின் பெயரைச் சூட்டி அந்த மொழிக்காரர்களின் பாட்டையோ ராகத்தையோ சேர்ப்பது எளிய வழி. அவர் பேச்சையே எடுத்துக்கொண்டார். அதனால்தான் ‘கின்ஸ்மென்’ ஆல்பத்துக்கு முன்பாக இதைக் கேட்கச் சொன்னேன். சுரம் அசைகிறதா என்பதை மட்டும் வைத்து இவரை அளந்தால், இவர் எதை எதிலிருந்து செய்கிறார் என்பது நம் கையைவிட்டுப் போய்விடும்.

சீவாளி எழுதியது:

உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டு ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தை நேற்றிரவு காதுக்குள் வைக்கும் கருவியோடு முழுவதும் மறுபடி கேட்டேன்.

பாலைக்குயில் அம்மா சொன்னபடி, ராகத்தை மறந்துவிட்டு இரண்டு ஆல்ட்டோக்களின் துத்துகாரத்தை மட்டும் கவனித்தேன். இருவரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் இடங்களில், கத்ரி ஒரு சுரத்தைத் தொட்டு வளைத்து அடுத்ததற்கு வந்து சேர்வதற்குள் மகந்தப்பா நேராக அங்கே போய் நிற்கிறார். இருவருக்கும் நடுவில் இழை போன்ற ஓர் இடைவெளி விழுகிறது. முன்பு இதை நான் பிசகு என்று எண்ணியிருந்தேன். நேற்றுக் கேட்டபோது அந்த இடைவெளிதான் மெட்டுக்கு ஒரு மினுக்கத்தைத் தருகிறது என்று உணர்ந்தேன். கல்யாணக் கச்சேரியில் இரட்டை நாகஸ்வரம் வாசிக்கும்போது இருவர் ஒருவர்போல் ஒலிக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தோடு கேட்டதால் எனக்கு இது தப்பாகப் பட்டிருக்கிறது.

ஆனாலும் ‘கல்யாணி’ உருப்படியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. கத்ரி ராகத்தை விரித்து வைத்த பிறகு, அதே இடத்தில் நேரான காந்தாரம் வரும்போது என் மனம் இன்னும் சுருங்கத்தான் செய்கிறது. அந்த ஓர் உருப்படிக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருக்க வேண்டாம். பெயரில் கல்யாணி என்று சொல்லிவிட்டால் அவளிடம் சில கடமைகள் உண்டு.

சுர அசைவைக் குறிக்கும் கமகத்தின் பெயரில், ‘கமக்’ என்றே அவர் 2013-இல் ஓர் ஆல்பத்துக்குப் பெயர் வைத்திருப்பதை இப்போதுதான் பார்த்தேன். அதில் கிடார் வாசிக்கும் டேவிட் ஃபியூசின்ஸ்கி, சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள் (ஃப்ரெட்) இல்லாத கிடாருக்குப் பெயர் பெற்றவராம். அந்தக் கம்பிகள் இல்லாத கழுத்தில் விரல் தடையின்றி வழுக்கலாமே. அதே போல வழுக்கி வாசிக்கும் வீணை வகையான கோட்டு வாத்தியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுமே என்று எண்ணி, ‘வெயிட்டிங் இஸ் ஃபர்பிடன்’ என்ற உருப்படியை மட்டும் கேட்டேன். கிடார் வளைகிறது, சாக்ஸபோன் அதற்கு மறுமொழி சொல்கிறது. இங்கே மகந்தப்பாவின் சுரங்களும் ஓரங்களில் அசைகின்றன. கத்ரியின் பக்கத்தில் நேராக நின்றவர், மேல்நாட்டுக் கிடாரின் பக்கத்தில் அசைகிறார் என்றால், அவர் எங்கே எப்படி நிற்க வேண்டும் என்பதை அறிந்தே செய்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பாலைக்குயில் எழுதியது:

ஐயா, நீங்கள் ‘மினுக்கம்’ என்று எழுதியதை என் பயிற்சி ஏட்டில் குறித்துக்கொண்டேன். அந்த இடைவெளியைச் சொல்ல எனக்கு இதுவரை சொல் கிடைக்கவில்லை.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்று மட்டும்: 2020-இல் வந்த ‘ஹீரோ ட்ரையோ’வில் பியானோவும் இல்லை, கிடாரும் இல்லை. முத்தேனின் பேஸும் ரூடி ராய்ஸ்டனின் ட்ரம்ஸும் மட்டுமே துணை. பார்க்கர், ஆர்னெட் கோல்மன், கீத் ஜாரெட், ஸ்டீவி வொண்டர் முதலியோரின் உருப்படிகளை எடுத்து வாசிக்கிறார். மெட்டு முன்பே தெரிந்திருந்தால் அவர் அதை என்ன செய்கிறார் என்பது உடனே விளங்கும்.

சீவாளி எழுதியது:

நன்றி அம்மா. அதற்கு முன் ‘ஏபெக்ஸ்’ கேட்கலாம் என்றிருக்கிறேன். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது இவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை இன்னொரு முறை பார்க்க வேண்டும். எந்த இடத்தில் எந்த ஆல்ட்டோ யாருடையது என்று நிமிடம், நொடியோடு தாளில் குறித்து வைத்துக்கொண்டு வந்து எழுதுகிறேன். தவறாக அடையாளம் கண்டிருந்தால் திருத்திச் சொல்லுங்கள்.